லஞ்ச் பொக்ஸ் தந்த அக்காவுக்கு

அம்மா நேற்று கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்துவிட்டார். விறாந்தையில் தன் கதிரையிலிருந்து தேத்தண்ணி குடிக்கிறார். எனக்குத்தான் இன்னும் கை நடுங்குகிறது.

அம்மாவின் புளொக் இரண்டையும் ஓர் ஆய்வுகூடத்தில் வாங்கி மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். புளொக் என்றால், அம்மாவிடமிருந்து எடுத்து மெழுகுக்குள் புதைத்த சிறு தசைத்துண்டு. தீப்பெட்டியை விடச் சின்னது. வெளியே கொளுத்துகிற வெயில். 138 பஸ்ஸில் நெரிபட்டுப் போனால் உருகிவிடாதா என்று தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். அங்கிருந்த அக்கா சிரிக்கவில்லை. 55 பாகைக்கு மேலே போனால்தான் உருகும் என்று பொறுமையாகச் சொன்னார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தவர், உள்ளே போய்த் தன் லஞ்ச் பொக்ஸைக் கழுவித் துடைத்து, பொலித்தீன் பையில் போட்டு ஒட்டிய புளொக்குகளைப் பஞ்சுக்கு நடுவே வைத்து மூடித் தந்தார். மூடியில் பாதி உரிந்த பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். "பய வெண்ட எபா, மல்லி" என்றார். பயப்படாதே தம்பி என்று. அன்று மத்தியானம் அவர் எதில் சாப்பிட்டாரோ.

அந்த மெழுகைச் சில மைக்கிரோன் தடிப்பில் சீவி, சாயமேற்றிப் பார்த்த பிறகுதான் சத்திரசிகிச்சை டொக்டர், புற்றுநோய் டொக்டர், ஸ்கேன் பார்ப்பவர், நோயியல் டொக்டர் எல்லோரும் ஒன்றாக இருந்து அம்மாவுக்கு என்ன மருந்து என்று முடிவெடுத்தார்கள். அவர்களுக்கும், வார்ட் மிஸ்மாருக்கும், இரத்தம் தந்த பொடியன்களுக்கும், பக்கத்துக் கட்டில் மாத்தறை அம்மாவுக்கும், 2016இல் மஹரகமைக்கு, உடம்பில் புற்றுநோய் எங்கே என்று காட்டும் பெட் (PET) ஸ்கேனர் வாங்கச் சில்லறையாகவும் நோட்டாகவும் அள்ளிக் கொடுத்த முகம் தெரியாத ஆட்களுக்கும் நன்றி.

மிச்சத் தசையை ஆராய்ச்சிக்கு எடுக்கலாமா என்று தமிழ்ப் படிவமொன்றும் வந்தது. நான் தயங்கினேன். அம்மா பேனையை வாங்கிக்கொண்டார். "ஆருக்கோ உதவுமெண்டா எடுக்கட்டும். எனக்குத் தந்த மருந்தும் ஆரோ ஒருத்தர் முதல் குடுத்ததாலதானே கண்டுபிடிச்சது?" இனி யாராவது கேட்டால் நானும் கையெழுத்துப் போடுவேன்.

அக்கா, பெட்டி இன்னும் என்னிடம்தான். இரண்டு தரம் கொண்டுவந்தேன், இரண்டு நாளும் நீங்கள் லீவு. வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மா பயறு வறுக்கச் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை பயற்றம் பணியாரத்தோடு வருவோம். இந்த அக்காவைத் தெரிந்த யாராவது இதைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டுங்கள். அன்றைக்கு மட்டும் லீவு போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.