மாறனுக்கு, அபர்தீனிலிருந்து

அன்புள்ள மாறனுக்கு,

அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போன வாரம் கூப்பிடுவாய் என்று பார்த்தோம். வேலை அதிகம் போல. நேரத்துக்குச் சாப்பிடு.

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் நின்று இந்த ஊர்ப் பேச்சான டோரிக்கில் நலம் விசாரித்தார். நீ லண்டன் ஆங்கிலத்தில் பதில் சொன்னாய். அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் நைட் ஷிப்ட் என்றால் உன்னைச் சாப்பிடவைத்துத் தூங்கப்போட்டவர். அவர் போன பிறகு உன் நண்பனிடம் "கொச்சை இங்கிலீஷ்" என்றாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கொச்சை இல்லை கண்ணா. நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். இந்த ஊர்ப் பேச்சு ஸ்காட்ஸ் மொழியின் வடகிழக்கு வழக்கு. வட இங்கிலாந்துப் பக்கம் நார்தம்பிரியா அரசை ஆண்ட ஆங்கிள் இனத்தார் ஏழாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் தென்கிழக்கில் குடியேறியபோது வந்த பேச்சுதான் அதன் வேர். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் டேவிட் மன்னர் வணிக நகரங்களை ஏற்படுத்தினார். வட இங்கிலாந்திலிருந்து ஸ்காண்டிநேவியச் சொற்கள் கலந்த பேச்சோடு ஆட்கள் வந்தார்கள், பிளெமிஷ் வணிகர்களும் வந்தார்கள். ஆங்கிலத்தோடு சேராத கேலிக் மொழி பேசிய ஊர்களில் சந்தை மொழியாக இது பரவியது. லண்டன் ஆங்கிலமும் இதுவும் பழைய ஆங்கிலத்துக்குப் பிறந்த அக்கா தங்கை. ஒன்று கெட்டு இன்னொன்று வரவில்லை.

அபர்தீனில் ஆர்ச்டீக்கன் என்ற தேவாலயப் பதவியில் இருந்த ஜான் பார்பர் 1375 வாக்கில் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் கதையை நெடுங்காவியமாகப் பாடியது இந்த மொழியில்தான். நீ சைக்கிள் பழகிய செயின்ட் மாச்சர் தேவாலயம்தான் அவர் இடம். பிறகு ஸ்காட்லாந்து நாடாளுமன்றச் சட்டங்களே இதில் எழுதப்பட்டன. 1513இல் கவிஞர் கேவின் டக்ளஸ், லத்தீன் கவிஞர் வர்ஜிலின் காவியம் முழுவதையும் இதில் பெயர்த்தார்.

1560இல் மதச் சீர்திருத்தம் வந்தது, மக்கள் கைக்கு வந்த பைபிள் ஆங்கிலத்தில் இருந்தது. 1603இல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னராகி அரசவையோடு லண்டன் போனார். 1707இல் நாடாளுமன்றமும் போயிற்று. அதன் பிறகு முன்னேற நினைத்தவர்கள் தங்கள் நாக்கையே திருத்த ஆரம்பித்தார்கள். நம் ஊர்ப் பேராசிரியர் ஜேம்ஸ் பீட்டியே, தவிர்க்க வேண்டிய ஸ்காட்ஸ் வழக்குகள் என்று 1787இல் ஒரு புத்தகம் போட்டார். அதற்கு முந்தின வருஷம்தான் ஸ்காட்ஸில் பாடிய ராபர்ட் பர்ன்ஸின் கவிதைகள் அச்சாகியிருந்தன! எனக்குப் பீட்டிமேல் கோபம் இன்னும் ஆறவில்லை. எத்தனை பிள்ளைகள் அம்மா பேச்சைக் கேட்டுக் கூசியிருப்பார்கள்.

2022 கணக்கெடுப்பில் 15 லட்சம் பேர் ஸ்காட்ஸ் பேசுவோம் என்று சொன்னார்கள். 2025இல் சட்டமே அதற்கு அதிகாரபூர்வ இடம் கொடுத்துவிட்டது.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. நீ மேடையில் பேசிய வீடியோவை அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். ஆபீசில் எப்படிப் பேசணுமோ அப்படிப் பேசு. ஆனால் உன் நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போது நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. வேலையாக இருப்பாய். என் இங்கிலீஷ் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு. மார்ச்சில் பாட்டிக்கு எண்பது ஆகிறது, கேக் நான் செய்கிறேன். இரண்டு நாள் லீவு போட்டு வா. ரயில் டிக்கெட்டை இப்போதே எடுத்தால் விலை குறையும். வருகிறாய் என்று அவரிடம் நீயே போன் பண்ணிச் சொல், நான் சொல்ல மாட்டேன்.

அம்மா