இடுப்பில் ஒன்று, கணுக்காலில் இன்னொன்று?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் கடை நடத்தும் தமிழர்களின் பாதுகாப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நள்ளிரவில் கல்லாப் பணத்தோடு தனியாக வீடு திரும்புகிறவர்களுக்காக அது கவலைப்படுகிறது. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தால் போதாது, காரில் ஸ்டெப்னி டயர் வைத்துக்கொள்வது போலக் கணுக்காலில் இன்னொன்றும் கட்டிக்கொள்ளுங்கள் என்று அது சொல்லும் யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்டெப்னி டயரை வீட்டில் குழந்தை எடுத்தால் எதுவும் ஆகாது.

நான் துப்பாக்கியே கூடாது என்கிற கட்சி இல்லை. டெக்சஸில் வாழ்கிறேன், நானும் என் கணவரும் முறைப்படி வகுப்புக்குப் போய் லைசென்ஸ் எடுத்தவர்கள். 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே அந்த லைசென்ஸ்கூடக் கட்டாயமில்லை. 21 வயது நிரம்பி, சட்டத் தடை ஏதும் இல்லாதவர் கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். ஒன்றா இரண்டா என்று சட்டம் கேட்பதில்லை. ஆகவே இது முழுக்க முழுக்க நம் விவேகத்தைப் பொறுத்த விஷயம்.

இரண்டாவது துப்பாக்கி போலீஸ்காரர்களின் பழக்கம். ஆறு தோட்டா ரிவால்வர் இருந்த காலத்தில் அதை மறுபடி நிரப்பும் நேரத்துக்குள் இன்னொரு ரிவால்வரை உருவிவிடலாம். நியூயார்க் போலீஸார் வழியாக அதற்கு ‘நியூயார்க் ரீலோட்’ என்றே பெயர் வந்தது. 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் வங்கிக் கொள்ளையர் இருவரோடு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் மோதியபோது, கார்கள் இடித்த வேகத்தில் தன் துப்பாக்கியை இழந்த ஓர் அதிகாரி, கையோடு வைத்திருந்த இரண்டாவது சிறு ரிவால்வரால்தான் சண்டையிட்டார். அன்று அதிகாரிகள் இருவர் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். போலீஸுக்கு இரண்டாவது துப்பாக்கி வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

ஆனால் அவர்கள் ஆபத்தைத் துரத்திக்கொண்டு போகிறவர்கள். அது அவர்கள் வேலை. கடைக்காரரின் வேலை உயிரோடு வீடு போய்ச் சேர்வது. தவிர, இன்றைய சாதாரண பிஸ்டலில் 15, 17 தோட்டாக்கள் இருக்கின்றன. ஆறு தோட்டாக் காலத்தின் நியாயம் இதற்குப் பொருந்தாது.

பொதுமக்களில் ஒருவர் துப்பாக்கியால் பல உயிர்களைக் காப்பாற்றிய நிகழ்வுகள் உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. 2019 டிசம்பர் 29 அன்று டெக்சஸின் ஒயிட் செட்டில்மென்ட் ஊர்த் தேவாலயத்தில் இருவரைக் கொன்றவனை, அங்கே பாதுகாப்புக்கு நின்ற தன்னார்வலர் சில விநாடிகளில் வீழ்த்தினார். ஒரே தோட்டாதான். 2022 ஜூலையில் இண்டியானாவின் கிரீன்வுட் வணிக வளாகத்தில் 22 வயது இளைஞர் ஒருவர் சுமார் 40 கஜ தூரத்திலிருந்து பத்து முறை சுட்டுக் கொலையாளியைத் தடுத்தார்; எட்டு தோட்டாக்கள் குறி தவறவில்லை. இரண்டு இடத்திலும் காப்பாற்றியது ஒரு துப்பாக்கியும் அதில் தேர்ந்த கையும்தான்.

தேர்ந்த கை என்பதை அழுத்திச் சொல்கிறேன். பயிற்சி பெற்ற நியூயார்க் போலீஸாரே, எதிராளி திருப்பிச் சுடும் நேரங்களில், நூற்றுக்குப் பதினெட்டு முறைதான் குறியில் அடித்தார்கள் என்று 1998 முதல் 2006 வரையிலான பதிவுகளை ஆராய்ந்த ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனம் சொன்னது. டெக்சஸ் லைசென்ஸ் தேர்வில் 3, 7, 15 கஜ தூரங்களில் மொத்தம் 50 தோட்டாக்கள் சுடுகிறோம். குனிந்து பேன்ட்டைத் தூக்கிக் கணுக்காலில் இருப்பதை உருவும் பயிற்சி அதில் கிடையாது. கணுக்காலில் கட்டும் துப்பாக்கி சிறியதாகத்தான் இருக்க முடியும். குழல் குட்டை, உதைப்பு அதிகம், குறி பார்ப்பது கடினம். நன்றாகச் சுடுகிறவருக்கே அது சிரமம். முதல் துப்பாக்கியில் தோட்டா சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று இரண்டாவதை ஆதரிப்பவர்கள் கேட்கிறார்கள். அந்தச் சிக்கலைக் கையாலேயே விடுவிக்கும் முறையை எல்லாப் பயிற்சியாளர்களும் கற்றுத்தருகிறார்கள். இரண்டாவது துப்பாக்கிக்குக் கொடுக்கும் சில நூறு டாலரை அந்தப் பயிற்சிக்கும் தோட்டாக்களுக்கும் செலவழிப்பது எவ்வளவோ மேல்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கட்டுரை தொடாத இடம் இதுதான். நாம் வாசலிலேயே செருப்பைக் கழற்றுகிறவர்கள். தரையில் சம்மணமிட்டு உட்காருகிறோம். பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு வேட்டியிலும் புடவையிலும் போகிறோம். கணுக்காலில் கட்டியதை அப்போது எங்கே வைப்பது? காரின் டேஷ்போர்டில் வைப்போம், இல்லையென்றால் கைப்பையில். பள்ளிக்கூடம், வாக்குச்சாவடி, மதுவே முக்கிய வருமானமான பார், ‘துப்பாக்கி கூடாது’ என்று பலகை வைத்த கடை என எங்கே போனாலும் கழற்றித்தான் ஆகவேண்டும். கண்ணாடியை உடைத்தால் கைக்கு எட்டும் தூரத்தில் கிடப்பது அப்போது ஒன்றல்ல, இரண்டு. உடைப்பவன் வேண்டுவதும் அதைத்தான்.

கைப்பையைப் பற்றியும் சொல்லவேண்டும். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் ஊரில், கடையில் பொருள் வாங்கிக்கொண்டிருந்த இளம் தாய் ஒருவரின் பையிலிருந்த துப்பாக்கியை அவருடைய இரண்டு வயது மகனே எடுத்து விசையை அழுத்திவிட்டான். தாய் அங்கேயே இறந்தார். அவரிடம் லைசென்ஸ் இருந்தது. பையில் துப்பாக்கிக்கென்றே தனி அறை இருந்தது. கவனக்குறைவான பெண் என்று அவரை யாரும் ஒதுக்கிவிட முடியாது.

2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொள்ளைக்காரனுக்கு அஞ்சி வாங்கிய துப்பாக்கி, பரீட்சையில் தோற்ற பிள்ளையின் கையிலோ, வேலை போன கணவரின் கையிலோ மாட்டக்கூடும். முதல் துப்பாக்கியைப் பெட்டகத்தில் பூட்டுகிறவர்கள்கூட இரண்டாவதைக் கட்டில் பக்கத்து இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். ‘அது சின்னதுதானே’ என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். டெக்சஸில் 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளை, குண்டு நிரப்பிய துப்பாக்கியை எடுக்கும்படி அஜாக்கிரதையாக வைத்திருந்தால் அது குற்றம். பிள்ளை அதைச் சுட்டு யாராவது இறந்தாலோ படுகாயம் அடைந்தாலோ குற்றம் இன்னும் கடுமையாகும்.

இன்னொரு கோணமும் உண்டு. 2021 ஜூனில் கொலராடோவின் ஆர்வாடா நகரில், போலீஸ்காரரைக் கொன்றவனைத் துணிந்து சுட்டு வீழ்த்திய ஒரு பொதுஜனத்தை, அடுத்து ஓடிவந்த போலீஸ்காரர் கொலையாளி என்று நினைத்துச் சுட்டுவிட்டார். காப்பாற்றியவர் இறந்தார். வருகிற போலீஸுக்கு யார் நல்லவர் என்று தெரியாது. மாநிற முகமும் கையில் துப்பாக்கியுமாக நிற்கும் நம் கடைக்காரர் இதை இருமுறை யோசிக்கவேண்டும்.

கட்டுரை ஒரு முக்கியமான சட்டத்தையும் சொல்லாமல் விட்டிருக்கிறது. எச்-1பி என்னும் வேலை விசா, அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4, மாணவர் விசா ஆகியவற்றில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் வாசகர்களில் பெரும்பங்கு விசாவில் இருக்கும் குடும்பங்கள். கட்டுரையை நம்பி ஒருவர் போய் வாங்கினால், வேலையும் விசாவும் பறிபோகும் ஆபத்து மட்டுமல்ல, சிறைவாசமும் அவர் முன் நிற்கும்.

ஆகவே அடுத்த இதழில் இந்த விசா விதியைத் தனிப் பெட்டிச் செய்தியாக, முதல் பக்கங்களில் வெளியிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹூஸ்டன், டெக்சஸ்