சுங்க அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்றவருக்கு நன்றி

நாங்கள் ஊழியம் செய்யும் நாட்டில் டிசம்பர் 25 வேலை நாள். இங்குள்ள மரபுவழித் திருச்சபை ஜூலியன் நாட்காட்டிப்படி ஜனவரி 7 அன்றுதான் கிறிஸ்துமஸ் கொண்டாடும். அதனால் 24ஆம் தேதியும் சுங்க அலுவலகம் திறந்திருந்தது. அந்த வகையில் நல்லதுதான். பிள்ளைகளின் நாடக உடைகள் வந்த பார்சல் அங்கேதான் கிடந்தது.

ஐயா, உங்கள் முறை வந்தும் போகாமல், உள்ளூர் மொழியில் இருந்த என் படிவத்தை வரி வரியாகக் கேட்டு நிரப்பினீர்கள். விற்பனைச் சரக்கு இல்லை என்று அதிகாரியிடமும் நீங்களே எடுத்துச் சொன்னீர்கள். அப்புறம் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்து வண்டிவரை வந்தீர்கள். பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள்.

அன்று மாலை மேய்ப்பர்களும் தேவதூதர்களும் முழு உடையில் மேடை ஏறினார்கள். மிக்க நன்றி. ஜனவரி 7 உங்கள் பண்டிகை என்றால், குடும்பத்தாருக்கும் சேர்த்து முன்கூட்டியே வாழ்த்துகள்!