அனுப்பிய பணம் அவன் கணக்கில் ஏறியதா? சிறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் ஆந்திராவில் நகரி பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, எங்கள் பக்கம் நிறைய பேர் இப்படித்தான். என் தம்பி ஆந்திரச் சிறை ஒன்றில் விசாரணைக் கைதியாக இருக்கிறான். வழக்கைப் பற்றி நான் பேச வரவில்லை, அதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். அவனுக்கு நாங்கள் அனுப்பும் பணத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தண்டனை கிடைத்தவர் உள்ளே தறியிலோ தச்சுப் பட்டறையிலோ வேலை செய்து கொஞ்சம் கூலி பார்க்கலாம். விசாரணைக் கைதிக்குப் பெரும்பாலும் அந்த வழியும் கிடையாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் நாடு முழுக்கச் சிறையில் இருந்தவர்கள் 5,73,220 பேர், அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேன்டீனில் ஒரு ஊறுகாய் பாக்கெட், தலைக்கு எண்ணெய், கூடுதலாக ஒரு சோப்பு என்று எது வாங்கினாலும் இவர்களுக்கு வீட்டிலிருந்து வரும் காசுதான். இதை யாரும் சலுகையாகவும் கொடுக்கவில்லை. விசாரணைக் கைதி தனக்கு வேண்டிய சாப்பாடு, துணி, படுக்கை, மற்றத் தேவைகளை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று 1894ஆம் வருஷத்துச் சிறைச் சட்டமே 31ஆம் பிரிவில் சொல்கிறது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது.

கைதி கையில் காசு கொடுக்கக் கூடாது, கணக்கில்தான் வரவு வைக்க வேண்டும் என்ற விதியில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. உள்ளே ரொக்கம் புழங்கினால் பலசாலி பிடுங்கிக்கொள்வான், அது எனக்கும் தெரியும். மாசத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்தாலும் சரிதான். ஆனால் அனுப்பின பணம் அவன் கணக்கில் ஏறியதா இல்லையா என்று அனுப்பினவனுக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

நடந்ததைச் சொல்கிறேன். முதல் மணியார்டர் திரும்பி வந்துவிட்டது. காரணம் பெயர். எங்களுக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். தம்பியை உள்ளே பதியும்போது இண்டிபேர், அதாவது தெலுங்குக்காரர்கள் பெயருக்கு முன்னால் போடுகிற குடும்பப் பெயர், கேட்டிருக்கிறார்கள், அப்படி ஒன்று எங்களுக்குக் கிடையாது, அவன் அப்பா பெயரைச் சொல்லியிருக்கிறான், அதையே முழுசாக முன்னால் போட்டு எழுதிவிட்டார்கள். ஆதாரில் ஒரு பெயர், பதிவேட்டில் ஒரு பெயர். அதைச் சரிபண்ணி அனுப்பிக்கொண்டிருந்தபோதே அவனை வேறு சிறைக்கு மாற்றினார்கள், விசாரணைக் கைதிக்குக் கொடுக்கிற யு.டி. நம்பரும் மாறிப்போனது. பழைய நம்பருக்குப் போட்ட பணம் எங்கே என்று கேட்டால் புது இடத்தில் "பழைய ஜெயிலில் கேள்" என்கிறார்கள், பழைய இடத்தில் "ஆளே இங்கே இல்லை, அங்கே போய்க் கேள்" என்கிறார்கள். போஸ்டாபீஸுக்குப் போனால் ஜெயில் ஆபீஸில் பட்டுவாடா ஆகிவிட்டது என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுகிறார்கள். அதற்கு அப்புறம் உள்ளே என்ன ஆனது என்று சொல்ல ஆளில்லை. ஆயிரம் ரூபாய்க்கு ஐம்பது ரூபாய் கமிஷன் கட்டி அனுப்புகிற பணம் ஐயா இது.

எனக்காவது தெலுங்கு வரும், நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவனை நேரில் பார்க்க, போகிற நாட்களில் ஜவ்வாது மலையிலிருந்து வருகிறவர்களைப் பார்க்கிறேன், செம்மரக் கேஸில் புருஷனோ பிள்ளையோ உள்ளே இருப்பான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டு 20 தமிழர்கள் செத்த பிறகு, அந்த மலைக்காரர்களுக்கு ஆந்திரப் பக்கம் பஸ் ஏறுவதே பயம். அப்படியும் வருகிறார்கள். வந்து சிறை வாசலில் நிற்கிறார்கள், அங்கே எல்லாப் பலகையும் தெலுங்கில் இருக்கிறது. ஒரு அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்து வியர்வையில் நனைந்த நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணி என் கையில் திணித்துவிட்டு, "அண்ணா, இது அவருகிட்ட போய் சேந்துச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கண்ணா" என்றது. கேட்க எனக்கே ஒரு ஜன்னல் கிடையாது, அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?

இந்த இடத்தில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். எதிரில் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு "நான் உள்ளே சேர்த்துடறேன், எனக்கு வேண்டிய ஆள் இருக்கு" என்பார்கள். ஆயிரம் கொடுத்தால் எழுநூறு போய்ச் சேரும் என்று பேச்சு, அந்த எழுநூறும் சேர்ந்ததற்குச் சீட்டு கிடையாது. நேர்வழி எது என்று தெரியாததால்தான் சனங்கள் அந்த ஆளிடம் போகிறார்கள்.

நான் கேட்பது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற வசதிதான். கைதியைப் பார்க்க முன்பதிவு செய்கிற ஈ-முலாகாத் இணையதளத்தில் மனு பதிவு செய்தால் போனுக்குத் தகவல் வருகிறது. ஆளைப் பார்ப்பதற்கு மெசேஜ் அனுப்ப முடிகிற உங்களால், அவன் பணம் வரவானதற்கு ஒரு மெசேஜ் அனுப்ப முடியாதா? இன்ன தேதி, இன்ன கைதி, இவ்வளவு வரவு, இவ்வளவு மீதி, அது போதும். ஆளை மாற்றும்போது அவன் கணக்கில் இருக்கிற பாக்கியும் கூடவே போகட்டும், புது நம்பரை வீட்டுக்குச் சொல்லுங்கள். பதியும்போது ஆதாரில் இருக்கிற மாதிரியே பெயரை எழுதுங்கள், இண்டிபேர் இல்லாதவனை அது இல்லாமலே எழுதிக்கொள்ளுங்கள். விடுதலையாகிப் போகிறவன் கையில் மீதிப் பணத்தோடு கணக்குச் சீட்டும் கொடுங்கள்.

அப்புறம் வாசலில் ஒரு தமிழ்ப் பலகை. பணம் எப்படி அனுப்புவது, மணியார்டர் பாரத்தில் என்ன எழுத வேண்டும், மாசத்துக்கு எவ்வளவு வரை அனுப்பலாம், சந்தேகம் இருந்தால் எந்த நம்பருக்குப் போன் போடுவது, இது நாலும் இருந்தால் போதும். விவரத்தைத் தெலுங்கில் கொடுத்தால் தமிழில் நானே எழுதித் தருகிறேன். எங்கள் தெருவில் போர்டு எழுதுகிற பையன் இருக்கிறான், பெயின்ட் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். எந்த இடத்தில் மாட்டலாம் என்று மட்டும் சொல்லுங்கள், அடுத்த மனு நாளன்று எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
நகரி பக்கத்துத் தறிக்காரன் ஒருவன்