நிவாரணப் பட்டியல் யாருடைய அந்தரங்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், “தகவல் உரிமைச் சட்டத்தில் வந்துள்ள மாற்றத்தால் சாமானியர்களுக்குப் பாதிப்பு ஏதுமில்லை” என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. தங்கள் இதழை நெடுநாளாகக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: எழுதியவர் ஒரு தடவையாவது பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டிருப்பாரா?

நான் டெல்டாவில் குத்தகைக்குச் சாகுபடி செய்பவன். சம்பா மூழ்கிய ஓர் ஆண்டில், எங்கள் ஊர் நிவாரணப் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படிதான் கேட்டு வாங்கினோம். மனைக்கல் ஊன்றிக் கம்பிவேலி போட்ட சர்வே எண்ணுக்கு நேரே ‘நெல், முழுச் சேதம்’ என்று எழுதியிருந்தது. அழுகிய பயிரை முழங்கால் தண்ணீரில் நின்று அள்ளிப்போட்ட குத்தகைக்காரர் பலரின் பெயரே இல்லை. நகலைக் கிராம சபையில் வாசித்த பிறகுதான் மறுபடி கணக்கெடுக்க ஆள் வந்தது. இப்போது அதேபோன்ற பட்டியலைக் கேட்டால், ‘தனிநபர் தகவல், பிரிவு 8(1)(ஜே), வழங்க இயலாது’ என்று ஒற்றை வரியில் பதில்.

இது தங்களுக்குத் தெரியாததல்ல. முன்பெல்லாம் தகவல் உரிமைச் சட்டத்தின் இந்தப் பிரிவின்படி, பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லாத அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் சொந்த விவரத்தைத்தான் மறுக்கலாம். பொதுநலன் பெரிதென்றால் அதையும் கொடுத்தாக வேண்டும். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று சட்டமே சொன்னது. 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு அவ்வளவையும் வெட்டிவிட்டது. 2025 நவம்பரில் அமலுக்கும் வந்தாயிற்று. பொதுநலன் பெரிதென்றால் தகவலைக் கொடுக்கலாம் என்னும் 8(2) பிரிவு இருக்கிறதே என்கிறது அரசு. அதன்படி கொடுப்பதும் கொடுக்காததும் அலுவலகத்தின் விருப்பம். தப்புப் பட்டியல் போட்டவரே அங்கேதானே உட்கார்ந்திருக்கிறார்!

2019இல், தகவல் மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டை விசாரிக்கும் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் ஒன்றிய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டபோதும் பத்திரிகைகள் இரண்டு நாள் பேசிவிட்டு ஓய்ந்தன. ஒரு கேலிச்சித்திரத்துக்காக 2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. மறுமாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே திறந்தது, அதுவும் அந்தப் படத்தை எடுத்துவைக்கும் நிபந்தனையோடு. அன்று பதறினீர்கள், சரிதான். எங்களுக்கு ஒரு பட்டியல் மறுக்கப்படுவதும் அதே வியாதிதான் ஐயா. 1997இலேயே தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம் இது. இங்கிருந்து வரும் ஓர் இதழ் ‘பாதிப்பில்லை’ என்று எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுப்பு வெளியிடச் சொல்லவில்லை. 8(1)(ஜே) பிரிவின் பழைய வாசகத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தமிழில் முழுமையாக அச்சிடுங்கள். அரைப் பக்கம் போதும். மே 1 கிராம சபைக்கு முந்தைய இதழில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
டெல்டா விவசாயி ஒருவர்