கையேட்டில் இல்லாத தகவல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த என் மகள், மூன்று தனியார் கல்லூரிகளின் கணினித் துறை டிப்ளோமா படிப்புகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி ஒப்பிட்டு வருகிறாள். கல்விக் கண்காட்சியில் கிடைத்த கையேடுகளில் கட்டணக் கழிவும் இலவச மடிக்கணினியும் பெரிய எழுத்தில் இருந்தனவே தவிர, அந்தப் படிப்பு முழு அங்கீகாரம் பெற்றதா, தற்காலிக அங்கீகாரத்தோடு நடப்பதா என்பது ஒன்றில்கூடக் குறிப்பிடப்படவில்லை. இது எனக்குப் பெரும் வேதனை அளித்தது.

உயர்கல்விப் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் மலேசியத் தகுதி முகமையின் (எம்.கியூ.ஏ.) பதிவேட்டை எவரும் இணையத்தில் பார்க்கலாம். அங்கீகாரம் படிப்புவாரியாக வழங்கப்படுவதால், கல்லூரியின் பெயரோடு நின்றுவிடாமல், படிப்பின் சரியான பெயரையும் அது நடைபெறும் வளாகத்தையும் சேர்த்தே சரிபார்க்க வேண்டும். பி.டி.பி.டி.என். எனும் அரசாங்க உயர்கல்விக் கடனுக்கும் படிப்பின் அங்கீகாரம் அவசியம்.

"இன்றே முன்பணம் கட்டினால்தான் கழிவு" என்று சொல்லப்பட்டபோது, அருகில் நின்ற ஒரு குடும்பம் எதையும் விசாரிக்காமல் பணத்தைச் செலுத்தியதைக் கண்டேன். இடைநிலைப்பள்ளி ஆலோசக ஆசிரியர்கள் ஐந்தாம் படிவத்திலேயே இப்பதிவேட்டைப் பார்க்கும் முறையை மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் காட்டித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பட்டர்வொர்த், பினாங்கு.