டயர் பெருசாச்சு, லிப்ட் கிட் ஏறிடுச்சு, பிரேக்க யாரு பாக்கறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்க ஞாயிறு பதிப்புல வர்ற வாகனப் பக்கத்த நான் விடாம படிக்கிறவன், குறை சொல்லி எழுதறதா நினைச்சிடாதீங்க, ஆனா அதுல வர்றதெல்லாம் புது காடி, எலெக்ட்ரிக் காடி, கடன் வட்டின்னே இருக்கு. எங்க கேமரன் மலையில ரிங்லெட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கு பக்கம் வந்து பாருங்க, தேயிலைக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் இன்னும் ஓடுறது பழைய லேண்ட் ரோவர்தான், அப்புறம் பழைய ஹைலக்ஸ், சுசுகி எஸ்ஜே410. இந்த காடிங்களோட பிரேக்க எப்படி நல்லாக்குறதுன்னு தமிழ்ல ஒரு வரி எழுதி நான் பாத்ததில்ல, அதனால நானே எழுதறேன்.

இங்க பசங்க செலவு பண்றத பாத்தா வயிறு எரியுது. லிப்ட் கிட் (காடிய உசரமாக்கற சாமான்), மட் டயர், வின்ச், கூரை மேல ஒரு வரிசை லைட், எல்லாத்துக்கும் ஆயிரக்கணக்குல வெள்ளி போகுது. பிரேக் மட்டும் அந்த காலத்து வெள்ளைக்கார தொர ஓட்டுன அதே டிரம், அதாவது வீலோட சுத்தற சட்டிக்கு உள்ளேருந்து ஷூன்னு ரெண்டு வளைஞ்ச கட்டை விரிஞ்சு அழுத்தி நிறுத்தற வகை. பெரிய டயர் போட்டா பழைய பிரேக் பிடிக்கற பிடி குறையும், டயரோட விட்டம் கூடக் கூட அதே டிரம் அதவிட அதிகமா மல்லுக்கட்டணும், இத சொன்னா "அங்கள், லோ கியர்ல இறங்கிக்கலாம்"னு சிரிக்கிறாங்க. லோ கியர் வேணும்தான், நானும் அப்படித்தான் இறங்கறேன், ஆனா எதிர்ல கோஸு லோரி வளைவுல பாதி ரோட்ட எடுத்துக்கிட்டு வந்தா கியர் காப்பாத்தாது.

லேண்ட் ரோவர் சீரீஸ் காடின்னா 1948லேருந்து 1985 வரைக்கும் நாலு வீலும் டிரம்தான். இத்தனைக்கும் அதே கம்பெனி 1970ல ரேஞ்ச் ரோவர விட்டப்போ நாலு வீலுக்கும் டிஸ்க் (சுத்தற தட்ட ரெண்டு பக்கமும் பேட் கவ்வி நிறுத்தற வகை) போட்டுத்தான் விட்டுச்சு, பணக்காரன் காடிக்கு டிஸ்க், தோட்டத்து காடிக்கு டிரம்முன்னு அப்பவே எழுதி வெச்சிட்டாங்க போல. டிரம் கெட்ட சாமான்னு நான் சொல்ல வரல. தாப்பாவுக்கு போற மலை ரோட்டுல மூட்டையோட கீழ இறங்கும்போது கால எடுக்காம மிதிச்சுக்கிட்டே வந்தா டிரம் சூடாகி விரியும், ஷூவ விட்டு விலகும், ஷூ மேல ஒட்டியிருக்கற லைனிங்கும் சூட்டுல பிடிய விடும், பெடல் கீழ கீழ போகும். ஆத்துல இறங்கி ஏறுனா உள்ள தண்ணி நின்னு கொஞ்ச நேரத்துக்கு பிரேக்கே இருக்காது, இல்லன்னா ஒரு பக்கமா இழுக்கும். டிஸ்க் வெளிய காத்துல கிடக்கு, தண்ணிய சுழட்டி அடிச்சிரும், சூடும் சீக்கிரம் இறங்கும். அதனால முன்னாடி டிஸ்க்குக்கு மாத்தறது நல்ல யோசனைதான்.

ஆனா மாத்தற விதம் இருக்கே, அங்கதான் ஐயா வம்பு. ஹாஃப்-கட் கடையில (பழைய காடி சாமான் விக்கிற கடை) ஒரு ஜோடி டிஸ்க்கும் காலிப்பரும் (பேட்ட அழுத்தற கவ்வி) வாங்கி முன்னாடி மாட்டிட்டு "முடிஞ்சிருச்சு, ஓட்டு"ன்னு அனுப்பிடறாங்க. என் மச்சான் காடிக்கு கீழ டவுன்ல ஒரு வொர்க்‌ஷாப்ல (பேரு வேணாம்) அப்படித்தான் செஞ்சாங்க, பெடல மிதிச்சா ஆயில லைன்ல தள்ற மாஸ்டர் பம்ப்ப தொடவே இல்ல. டிரம்முக்குன்னு செஞ்ச பம்ப்புல சின்ன வால்வு ஒன்னு இருக்கும், கால எடுத்த பிறகும் லைன்ல கொஞ்சம் பிரஷர நிறுத்தி வெக்கும், சுமார் 10 பிஎஸ்ஐ (டயர் காத்து அளக்கற அதே கணக்கு). டிரம்முக்கு அது வேணும், அந்த பிரஷர் இருந்தாலும் ஷூவ திருப்பி இழுத்து வெக்க ஸ்பிரிங் இருக்கு. டிஸ்க்குக்கு அப்படி ஸ்பிரிங் கிடையாது, அந்த பிரஷர்ல பேட் டிஸ்க்க உரசிக்கிட்டே இருக்கும். மச்சான் லாத்தா இஸ்கந்தார் அருவிக்கிட்ட வர்றதுக்குள்ள முன் வீல் ரெண்டுலயும் புகை, கருகுன வாடை, பிரேக் ஆயில் கொதிச்சு பெடல் தரைக்கு போயிருச்சு, ஏதோ அங்க அகலமான இடம் இருந்ததால ஓரங்கட்டி நிறுத்துனாரு. வீல் நட்ட தொட முடியல, அவ்வளவு சூடு. அப்புறம் இங்க ரிங்லெட்லயே ஒரு பழைய ஃபோர்மேன் (மெக்கானிக்) டிஸ்க்குக்கு உள்ள பம்ப்பு போட்டு சரி பண்ணாரு.

அந்த பம்ப்பு சைஸும் பாக்கணும். காலிப்பர் பிஸ்டன் பெருசு, அதிகமா ஆயில் கேக்கும், பம்ப்பு சின்னதா இருந்தா பெடல் ரொம்ப தூரம் போகும், ரொம்ப பெருசா போட்டா கல்லு மாதிரி இறுகி கால் வலிக்கும். பழைய சிங்கிள் லைன் பம்ப்பு இருந்தா அத தூக்கிப் போட்டுட்டு டபுள் லைன் போட்டுடறது உத்தமம், ஒரு ஹோஸ் வெடிச்சாலும் பாதி பிரேக்காவது நிக்கும். டிஸ்க்குக்கு மாத்தறீங்களோ இல்லையோ, என்னைக் கேட்டா இதத்தான் முதல்ல செய்யணும்.

டிஸ்க்குக்கு செர்வோ (வேக்குவம், அதாவது காத்த உறிஞ்சற இழுப்ப வெச்சு கால் மிதிக்கு பலம் கூட்டற டப்பா) கண்டிப்பா வேணும், ஏன்னா டிரம் ஷூ சுத்தற பக்கம் தானாவே உள்ள இழுத்துக்கும், டிஸ்க் அப்படி உதவி பண்ணாது, எல்லாம் உங்க கால் பலம்தான். செர்வோவுக்கு வேக்குவம் எங்கிருந்து வருதுன்னு யாரும் கேக்கறதில்ல. இங்க பாதி லேண்ட் ரோவர்ல இப்ப இருக்கறது ஜப்பான் டீசல் இஞ்சின், அதுல நிறைய இஞ்சினுக்கு ஆல்டர்னேட்டர் முதுகுலயே வேக்குவம் பம்ப்பு ஒட்டி வரும், பெல்ட் அறுந்தா பேட்டரி சார்ஜும் போச்சு, ரெண்டு மூனு மிதிக்கு அப்புறம் செர்வோ உதவியும் போச்சு. சோதிக்கறது ரொம்ப சுலபம்: இஞ்சின ஆஃப் பண்ணிட்டு பெடல நாலஞ்சு தடவ மிதிங்க, இறுகும், காலை அழுத்தி வெச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் லேசா கீழ இறங்கணும். இறங்கலன்னா செர்வோ வேலை செய்யல.

பின்னாடியையும் மறந்துடக்கூடாது. முன்னாடிய மட்டும் மாத்திட்டு பின் டிரம்ம அப்படியே விட்டா முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பங்கு மாறிப்போகும், காலி காடியில மழை ரோட்டுல பின் வீல் முதல்ல பூட்டிக்கிட்டா காடி திரும்பிக்கும். ஹைலக்ஸ்காரங்களுக்கு தனியா ஒன்னு சொல்லணும், அதுல பின் அச்சுல ஒரு கம்பியோட வால்வு இருக்கும், சுமை ஏறி பாடி இறங்குனா பின் பிரேக்குக்கு பிரஷர் அதிகம் குடுக்கும். லிப்ட் கிட் போட்டு பாடிய தூக்கினீங்கன்னா அந்த வால்வு காடி காலின்னு நினைச்சுக்கும், முதுகுல அரை டன் கோஸு இருந்தாலும் பின் பிரேக்க குறைச்சிடும். பிராக்கெட்ட மாத்தி சரி பண்ணணும், பிரேக் ஹோஸும் நீளமா போடணும், இல்லன்னா வீல் தொங்கும்போது ஹோஸ் இழுபடும்.

காசு இல்லாதவங்க டிஸ்க் இல்லாமலே பாதி தூரம் போயிடலாம். சீரீஸ் டிரம்ம கையால அட்ஜஸ்ட் பண்ணணும், வீல தூக்கி ஷூ உரசற வரைக்கும் திருகி கொஞ்சம் பின்னுக்கு விட்டா போதும், அத வருஷக்கணக்கா செய்யாம பம்ப் பண்ணி பம்ப் பண்ணி ஓட்டறாங்க. ஹப் ஆயில் சீல் ஒழுகி ஷூ ஊறிப்போன காடிக்கு எந்த பம்ப்பு போட்டும் புண்ணியமில்ல. 88 இஞ்ச் காடியில (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள நீளம்) 10 இஞ்ச் டிரம், நீளமான 109ல 11 இஞ்ச், அந்த பெருசு சாமான 88ல ஏத்துறவங்க உண்டு, முன்னுக்கு போகும்போது நல்லா பிடிக்கும், ஆனா மேட்டுல பின்னாடி உருளும்போது முன் ஷூ ரெண்டும் பிடி கம்மி, அத மனசுல வெச்சுக்கணும். பழைய லைனிங்ல அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம்ம கழட்டி காத்து ஹோஸால தூசிய ஊதாதீங்க, நம்ம பசங்க பக்கத்துலயே நின்னு வேடிக்கை பாப்பாங்க.

பிரேக் ஆயில் விஷயம் அதவிட சல்லிசு. டோட் 3ங்கற ரக ஆயில் புதுசா 205 டிகிரிக்கு மேலதான் கொதிக்கணும்னு கணக்கு, ஈரம் இழுத்துட்டா அது 140க்கு இறங்கிடும், டோட் 4ன்னா 230, ஈரத்தோட 155. கேமரன் மலை பனிக்கும் மழைக்கும் ஆயில் ஈரத்த இழுக்காம இருக்குமா, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது முழுசா மாத்திடுங்க. சிலிக்கோன் டோட் 5 வேற ஜாதி, அத டோட் 3, 4ஓட கலக்காதீங்க.

ஹேண்ட் பிரேக்கும் சொல்லிடறேன், சீரீஸ் லேண்ட் ரோவர்ல அது வீல்ல இல்ல, கியர் பெட்டிக்கு பின்னாடி ஷாஃப்டுல இருக்கு. மேட்டுல நிறுத்தி ஹேண்ட் பிரேக்க நம்பி ஒரு பின் வீல ஜாக் போட்டு தூக்கினா காடி உருண்டுடும், ஆக்சில் ஷாஃப்ட் உடைஞ்சாலும் அதே கதி. வீலுக்கு கட்டை போடாம கீழ படுத்து வேலை செய்யாதீங்க.

2013 ஆகஸ்டுல கெந்திங்ல பஸ் விழுந்து 37 பேர் போனாங்களே, அப்ப எல்லாரும் பஸ் பிரேக்கப் பத்தி பேசினோம். எங்க மலையில சின்ன காடிங்க பின்னாடி தொழிலாளிங்க நின்னுக்கிட்டு போறத தினமும் பாக்கறோம், அந்த காடி பிரேக்க யாரும் பேசல.

உங்ககிட்ட கேக்கறது ஒன்னுதான் ஐயா. டிரம்ம டிஸ்க்கா மாத்தினா ஜேபிஜேகிட்ட (சாலைப் போக்குவரத்து இலாகா) என்ன விண்ணப்ப ஃபாரம் குடுக்கணும், புஸ்பகோமுக்கு (காடிய சோதிக்கற இடம்) எப்ப கொண்டு போகணும், ஒவ்வொரு ஃபோர்மேனும் ஒன்னு சொல்றாரு, சிலர் சொல்லவே வேணாம்ங்கறாங்க. அப்புறம் இன்சூரன்ஸ்காரன் வந்து நிக்கும்போது யார் பதில் சொல்றது? உங்க நிருபர் ஒருத்தர் ஜேபிஜேகிட்டயே கேட்டு, அந்த நடைமுறைய தமிழ்ல படிப்படியா வாகனப் பக்கத்துல போட்டீங்கன்னா நான் அத வெட்டி இங்க ரெண்டு மூனு வொர்க்‌ஷாப் சுவத்துல ஒட்டிடுவேன்.

இப்படிக்கு,
லேண்ட் ரோவர்காரன்,
ரிங்லெட், பகாங்.